ஐந்து கோடி திர்ஹம் போன வழியில் ஆயிரம் திர்ஹமும் போகட்டும்

வளைகுடா நாடுகளின் மன்னர்களுக்கும் அமீர்களுக்கும் அவர்களுடைய மத்திய வங்கிப் பொறுப்பாளர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 12 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஊர் கீழக்கரைப் பக்கம். 200 பேருக்கு மேற்பட்டவர்களின் சம்பளக் கோப்பு மாதாமாதம் என் கையால்தான் போகிறது. கோப்பை அனுப்பிய மறுநாள், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் வாப்பா 1983இல் துபாய்க்கு வந்தவர். அப்போது பணம் அனுப்புவதென்றால் டிராஃப்ட் எடுத்து, கடிதத்துக்குள் மடித்து வைத்து, பதிவுத் தபாலில் போட வேண்டும். அது உம்மா கைக்கு வர இரண்டு வாரம். வங்கியில் போட்டுப் பணமாக இன்னும் சில வாரம். அதுவரை அரிசிக் கடையில் கடன்தான். அவசரமென்றால் உண்டியல். இங்கே ஒருவரிடம் திர்ஹத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் சாயங்காலம் ஊரில் ஒருவர் சைக்கிளில் வந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். சட்டப்படி அது தப்பு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உம்மா அதை ஏன் நம்பினார் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். கையில் எவ்வளவு வரும் என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபின்டெக், அதாவது தொழில்நுட்பம் வழியான பணச் சேவை, என்றாலே எல்லோரும் கிரிப்டோவையும் செயலிகளையும் பேசுகிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது 2009இல் அமீரகம் கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்பு முறைதான். சம்பளம் வங்கி வழியாகவோ, பணம் மாற்றி அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடை வழியாகவோதான் போக வேண்டும், போனதா இல்லையா என்று அமைச்சகம் பார்த்துக்கொண்டிருக்கும். தாமதித்தால் அந்த நிறுவனத்துக்குப் புதிய வேலை அனுமதி கிடைக்காது. சவூதி 2013இலும் கத்தார் 2015இலும் இதே வழிக்கு வந்தன. சவூதியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் 2024 ஜூலை முதல் புதிய ஒப்பந்தங்களில் சம்பளம் முசானத் என்ற அரசு இணையத் தளம் வழியாக என்று ஆனது. பூட்டிய வீட்டுக்குள் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழியைச் சின்ன வயதில் மதரசாவில் மனப்பாடம் செய்தவன் நான். அதை ஒரு கணினி முறை செய்துகாட்டியதைப் பார்த்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது.

உங்கள் வேகமும் தெரிந்ததுதான். பஹ்ரைன் 2017இலேயே புதிய நிதி நிறுவனங்கள் சோதனை செய்து பார்க்கத் தனி விதி வகுத்தது. சவூதியில் 2021இல் சரீ என்ற உடனடிப் பணப்பரிமாற்ற முறை வந்தது. அமீரகத்தில் 2023 அக்டோபரில் அதேபோல் ஆனி வந்தது, மொபைல் எண்ணைப் போட்டால் நொடியில் பணம் போகிறது. ஆட்சியாளர் முடிவெடுத்துவிட்டால் அமைச்சகமும் வங்கிகளும் ஒரே திசையில் நகர்கின்றன. 2024 ஜனவரியில் அமீரக மத்திய வங்கியின் தலைவர் ஷேக் மன்சூர் பின் சாயித், மத்திய வங்கியே வெளியிடும் டிஜிட்டல் திர்ஹத்தில் 5 கோடி திர்ஹத்தை, பல நாட்டு மத்திய வங்கிகள் சேர்ந்து அமைத்த எம்பிரிட்ஜ் தளம் வழியாகச் சீனாவுக்கு நேரடியாக அனுப்பிக் காட்டினார். எல்லை தாண்டிப் பணம் அனுப்புவதில் தடையாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது.

சரி, எங்கள் கேம்ப்புக்கு வருகிறேன்.

சம்பளம் விழுந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கிறது. "இன்னைக்கு ரேட்டு என்ன?" என்பதுதான் அங்கே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பலகையில் ஒரு ரேட்டு எழுதியிருக்கும், கட்டணம் தனியாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ரேட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது எந்த ரசீதிலும் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. 1 டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் மாறாத கணக்கு. டாலர் 84 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு திர்ஹம் 22.87 ரூபாய். பலகையில் 22.70 என்றிருந்தால் ஆயிரம் திர்ஹத்தில் 170 ரூபாய், அதாவது 7 திர்ஹத்துக்கு மேல், கட்டணத்துக்கு முன்பே போய்விட்டது. நான் கணக்கன், எனக்கு இது ஒரு நிமிட வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வந்து வெயிலில் கம்பி கட்டுகிறவர் இந்தக் கணக்கை எப்படிப் போடுவார்? விலை தெரியாமல் நடக்கும் விற்பனையை நம் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கிறது என்று உங்கள் ஷரீஆ ஆலோசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இது சில்லறை விஷயமும் இல்லை. 2023-24இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 11,870 கோடி டாலர் என்று இந்திய ரிசர்வ் வங்கி சொல்கிறது. அதில் ஏறத்தாழ 38 விழுக்காடு உங்கள் ஆறு நாடுகளிலிருந்து போனது. பணம் அனுப்பும் செலவு 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு.

எக்ஸ்சேஞ்ச்காரர்களும் கடை வாடகை, ஊழியர் சம்பளம் கொடுத்துத்தான் தொழில் செய்கிறார்கள். அவர்களை விரட்டச் சொல்லவில்லை. எடுத்துக்கொள்வதைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். பலகையிலும் செயலியிலும் ரசீதிலும், அன்றைய டாலர் கணக்குப்படி எவ்வளவு, நாங்கள் தருவது எவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு, ஊரில் கையில் கிடைப்பது இவ்வளவு என்று நான்கு வரி. இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்தது சம்பள அட்டை. பல வங்கிகளில் மாதம் 3,000 அல்லது 5,000 திர்ஹம் வாங்கினால்தான் கணக்கே தொடங்க முடிகிறது. அதற்குக் கீழே வாங்குபவருக்குக் கிடைப்பது, வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளம் மட்டும் ஏற்றித் தரும் வெறும் அட்டை. இந்திய ரிசர்வ் வங்கியும் அமீரக மத்திய வங்கியும் இந்தியாவின் யூபிஐயையும் உங்கள் உடனடிப் பணப்பரிமாற்ற முறையையும் இணைக்க 2023 ஜூலையில் அபுதாபியில் ஒப்பந்தம் போட்டன. அதே வருடம் பிப்ரவரியில் சிங்கப்பூர் யூபிஐயோடு இதைச் செய்தே காட்டியது. நம் இணைப்பு வங்கிக் கணக்கு உள்ளவர்களோடு நின்றுவிடக் கூடாது. வெறும் அட்டை மட்டும் வைத்திருப்பவரும் முதல் நாளிலிருந்தே அதில் இருக்க வேண்டும். 5 கோடி போன பாதை ஆயிரத்துக்கும் அகலமானதுதான்.

இன்னொன்று, சுருக்கமாக. போன வருடம் எங்கள் கேம்ப்பில் ஒருவருக்குப் போன் வந்தது, உன் அட்டை முடங்கிவிட்டது என்றார்கள். ஓடிபியைச் சொல்லிவிட்டார். இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. புகார் சொல்லக் கூப்பிட்ட இடத்தில் அரபியும் ஆங்கிலமும்தான். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அழுதுகொண்டே போனை என்னிடம் கொடுத்தார். இத்தனை வேகமாகப் பணம் போகும் முறையைக் கட்டியவர்கள், திருட்டை அதே வேகத்தில் நிறுத்த தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் உருதுவிலும் பேச ஆட்களை வையுங்கள்.

எங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, எங்களுக்காக மன்றத்தில் எழுந்து கேட்க உறுப்பினரும் இல்லை. ஆட்சியாளர் மக்களைச் சந்திக்கும் மஜ்லிஸ் சபையில் சாதாரண மனிதனும் வந்து அவரிடம் நேரில் குறை சொல்லலாம் என்பது உங்கள் முன்னோர் வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் எழுதினேன். எந்த மாதமானாலும் சம்பளம் விழுந்த ஞாயிறு யாரையாவது அந்த வரிசைக்கு அனுப்பிப் பாருங்கள். நிற்பவர்களில் பத்துப் பேரிடம், ஊரில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
ஷார்ஜாவிலிருந்து ஒரு கணக்கர்