நன்றியில் தொடங்கு, ஆத்தா

அன்புள்ள மகளுக்கு,

பழையதை நினைத்தாலே மனசு கனக்கிறது, அதனால் நினைப்பதையே விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னாய். விட வேண்டாம் ஆத்தா. நீ பார்க்கிற வரிசைதான் மாறிக் கிடக்கிறது.

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மப் பயிற்சிகள்' நூல் 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. தினசரி ஆன்ம சோதனைக்கு அதில் ஐந்து படிகள். முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி. அடுத்து, தன் பாவத்தை அறியும் அருளைக் கேட்பது. மூன்றாவதாக, காலையில் கண் விழித்ததிலிருந்து மணி மணியாக எண்ணம், சொல், செயல் மூன்றையும் பார்ப்பது. பிறகு மன்னிப்பு. கடைசியில் திருந்துவதற்கான உறுதி, கூடவே ஒரு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபம். நாம் என்ன செய்கிறோம்? நேராக மூன்றாவதில் போய்க் குதிக்கிறோம். நன்றியும் இல்லை, கேட்டு வாங்கிய வெளிச்சமும் இல்லை; அப்புறம் மனசு கனக்காமல் என்ன செய்யும்? வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதிக்கொண்டு போனால் எந்தப் பேரேட்டிலும் ஐந்தொகை நேராகாது. இதை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முழு வாழ்க்கையையும் பார்ப்பதற்கு அதே நூலில் மூன்று பிடி தருகிறார்: குடியிருந்த இடமும் வீடும், பழகிய ஆட்கள், பார்த்த வேலை. இந்த வரிசையில் போ. தேவகோட்டை வீடு ஒரு நாள், ஹாஸ்டல் ஒரு நாள், முதல் வேலை பார்த்த ஊர் ஒரு நாள். ஹாஸ்டல் என்றால் முதலில் உன் கட்டில் எந்த மூலையில் கிடந்தது, ஜன்னல் வழியே என்ன தெரிந்தது, மெஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார். இடம் தெளிந்தால் ஆள் வருவார். ஆள் வந்தால் நடந்தது தானே வரும். நோட்டில் இடது பக்கம் கிடைத்தவை, வலது பக்கம் வருந்துபவை. இடது பக்கம் ஐந்து வரியாவது நிறையாமல் வலதைத் தொடாதே. கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் செபம் நின்று புலம்பல் தொடங்கிவிடும்.

'நான் கோபக்காரி' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. யாரிடம், எந்த வார்த்தை என்று எழுது. அப்போதுதான் மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் இருப்பார். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிக்கப்பட்டதை மறுபடி தோண்டாதே. பிறர் உனக்குச் செய்த கொடுமை நினைவுக்கு வந்து உடம்பு பதறினால் நோட்டை மூடிவிடு. அதைத் தனியே உட்கார்ந்து பார்க்கக் கூடாது, நம்பிக்கையான சாமியாரோ மனநல ஆலோசகரோ கூட இருக்க வேண்டும்.

எல்லா வலிக்கும் உடனே அர்த்தம் தேடுவதும் தப்பு. விவிலியத்தில் யோசேப்பை அண்ணன்மார் கிணற்றில் தள்ளி, பிறகு விற்றபோது அவருக்கு வயது 17, எகிப்து மன்னன் பார்வோன் முன் நின்றபோது 30. "நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக்கினார்" என்று அண்ணன்மாரிடம் சொன்னது அப்பா யாக்கோபு இறந்த பிறகு. தொடக்கநூல் தரும் வயதுகளைக் கூட்டிப் பார், அப்போது யோசேப்புக்கு 56 ஆகியிருக்கும். கிணற்றுக்குள் கிடந்தபோது அந்த வாக்கியம் அவர் வாயில் வந்திருக்காது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்திருப்பாயே. கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போடுவார்கள். போடுகிறவர் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் முதுகு மட்டும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ தெரியும்.

திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதே. அவள் எரிந்த சோதோம் ஊருக்காக ஏங்கித் திரும்பினாள் என்றுதான் நான் வாசிக்கிறேன். இஸ்ரயேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது அதிலிருந்து பன்னிரண்டு கல் எடுத்து அவர்கள் தலைவர் யோசுவா கில்காலில் நாட்டியதும் திரும்பிப் பார்க்கத்தான். பிற்காலத்தில் பிள்ளைகள் 'இது என்ன கல்?' என்று கேட்க வேண்டும் என்பதற்காக.

ஜனவரி கடைசியில் லீவு கிடைத்தால் வா, ஓரியூர் போகலாம். பிப்ரவரி 4 புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள், 1693-இல் அவர் அங்கே தலை வெட்டுண்ட நாள். அவரும் இஞ்ஞாசியாரின் சபைக்காரர்தான். டிக்கெட்டை முன்னாலேயே போட்டுவிடு, அன்றைக்குக் கூட்டம் தாங்காது.

அன்புடன்,
அப்பா