பஃபலோவில் இருக்கும் மூர்த்திக்கு

செயின்ட் லூயிஸ்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் குளிர் வந்தால் முட்டி வலி கூடுகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார். 

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ச்சர்ட் பார்க்கில் உன் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பில்ஸுக்காக எழும்பி நிற்கும் புது ஸ்டேடியத்தைப் படம் பிடித்து அனுப்பி, “இனி முப்பது வருஷத்துக்கு பில்ஸ் எங்கேயும் போகாது, நிம்மதி” என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது. நீயும் நானும் இந்த ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்னால், செயின்ட் லூயிஸும் இப்படித்தான் நிம்மதியாக இருந்ததாம்.

1988இல் இங்கிருந்த கார்டினல்ஸ் ஃபுட்பால் அணி அரிசோனாவுக்குப் போய்விட்டது. அடுத்த அணியைப் பிடிக்க வேண்டும் என்று, கையில் அணியே இல்லாமல் அரசுப் பணத்தில் டோம் என்ற கூரை போட்ட ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். 1995இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ராம்ஸ் அணி வந்தது. அப்புறம் நம் 13ஆம் நம்பர் ஆட்டக்காரர் கர்ட் வார்னர் கோப்பை வாங்கித் தந்த வருஷம் வந்தது, அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறுதியாட்டத்தில் நம் மைக் ஜோன்ஸ் கடைசி ஒரு கஜத்தில் டென்னசிக்காரனை மடக்கியபோது சோபாவை உடைத்தவன் நீதான். அந்த இறுதியாட்டத்தில் மோதிய இரண்டு அணிகளுமே வேறு ஊரிலிருந்து பிடுங்கி நட்டவை என்று அன்றைக்கு நம்மில் யாரும் யோசிக்கவில்லை. டென்னசியின் டைட்டன்ஸ் அணி ஹூஸ்டனிலிருந்து வந்தது. அதன் முதலாளி மிரட்டியதால்தான் ஹூஸ்டன்காரர்கள் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்தில் இருக்கைகளைக் கூட்டிக் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்குள் அவர் கிளம்பிவிட்டார்.

நம் டோமின் குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. பத்தாவது வருஷத்திலும் இருபதாவது வருஷத்திலும் அது என்.எஃப்.எல். லீகின் எல்லா ஸ்டேடியங்களிலும் முதல் கால்பங்குக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அணி நீண்ட குத்தகையை விட்டுவிட்டு வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். எல்லா ஊரும் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகும்போது, இருபது வருஷத்துக் கட்டடம் எப்படி முதல் வரிசையில் நிற்கும்? 2013இல் நடுவர்கள் ராம்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நடுவர்கள் ஒப்புக்கொண்ட சீரமைப்புக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர் ஆகும் என்றார்கள், ஊர் மறுத்துவிட்டது. அணியைக் கொண்டுவந்த டோமின் பத்திரமே அது வெளியே போகவும் வழி வைத்திருந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஆற்றங்கரையில் புது ஸ்டேடியம் கட்டித் தருகிறோம் என்றார்கள். 64,000 இருக்கைகள், சுமார் 110 கோடி டாலர், அதில் கணிசமான பங்கு மக்கள் பணம். 2015 டிசம்பரில் நகர மன்றமும் ஒப்புதல் கொடுத்தது. அதே வாரம் டம்பா பே அணியோடு கடைசி ஹோம் மேட்ச். ராம்ஸ்காரர்கள் தலை முதல் கால் வரை மஞ்சள், எதிரணி முழுச் சிவப்பு. நாம் ஜெயித்தோம். ஜெயித்த பிறகும் ஜனம் எழுந்து போகவில்லை. “ராம்ஸை விடாதீர்கள்” என்ற கத்தல் எழுந்து எழுந்து அடங்கியது. என் பக்கத்தில் ஒரு பெரியவர் நம்பர் 13 சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே 30க்கு 2 என்று லீகின் அணி முதலாளிகள் ஓட்டுப் போட்டு அணியை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் திட்டத்தில் கையெழுத்துப் போடும் எந்த அணியும் நிதியில் நாசமாகும் என்று ராம்ஸ் லீகுக்கு எழுதியே கொடுத்திருந்தது. ராம்ஸ் முதலாளி க்ரோங்கி இந்த மிசூரி மண்ணில் பிறந்தவர். ஈனோஸ் ஸ்டான்லி என்ற அவர் பெயரே இந்த ஊர் பேஸ்பால் நாயகர்கள் ஸ்லாட்டரையும் மியூசியலையும் நினைத்து வைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து இங்கிள்வுட்டில் நிலத்தை அவர் 2014லேயே வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை ஸ்டேடியம் காட்டியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. வழக்குப் போட்டு 2021இல் 79 கோடி டாலர் வாங்கினோம். பணம் வந்ததே தவிர அணி வரவில்லை.

சான் டியேகோ கதை வேறு. 2016 தேர்தலில் ஹோட்டல் வரியை உயர்த்தி ஸ்டேடியம் கட்ட மக்கள் மறுத்தார்கள், அந்த ஊர் அணி சார்ஜர்ஸும் போய்விட்டது. கட்டித் தருகிறேன் என்ற ஊரிலிருந்தும் போனது, மாட்டேன் என்ற ஊரிலிருந்தும் போனது. ஆகவே கட்டடம் அணியைப் பிடித்துவைக்கும் என்று நான் நம்பவில்லை. முதலாளியின் மனசும், அவருக்காக வேறெங்காவது ஒரு பெரிய ஊர் காலியாகக் காத்திருக்கிறதா என்பதும்தான் முக்கியம். அப்புறம் பத்திரம்.

உன் ஊர் பிழைத்ததும் பத்திரத்தால்தானே? 2014இல் பில்ஸ் முதலாளி ரால்ஃப் வில்சன் இறந்தபோது அணி டொராண்டோவுக்குப் போய்விடும் என்று நீ தூங்காமல் கிடந்தாய். அப்போது இருந்தது 1973இல் கட்டிய பழைய ஸ்டேடியம். ஆனால் முந்தின வருஷம் போட்ட குத்தகையில், ஊரை விட்டுப் போனால் 40 கோடி டாலர் அபராதம் என்று எழுதியிருந்தது. வாங்க வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பெகுலா என்பவர் 140 கோடி டாலருக்கு வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார்.

இப்போது மாநிலமும் ஈரி கவுண்டியும் 85 கோடி கொடுத்திருக்கின்றன. அதனால் புது ஸ்டேடியத்தின் போட்டோக்களை விட்டுவிட்டுப் புதுப் பத்திரத்தைப் படிடா. இடையில் கிளம்பினால் என்ன தர வேண்டும், எந்த வருஷத்துக்கு மேல் அது குறைகிறது, “முதல் தர ஸ்டேடியம்” மாதிரி வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று தேடு. பத்திரம் புரியவில்லை என்றால் தங்கச்சியிடம் கொடு, உன்னைவிட அவள் நன்றாகப் படிப்பாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இருக்கையை வாங்கும் உரிமைக்கே தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, பழைய ஸ்டேடியத்தில் உன் பிரிவில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் கட்டினார்கள்? பனி விழுந்தால் மண்வாரியோடு ஸ்டேடியத்துக்கு ஓடிப்போய்ப் படிகளைச் சுத்தம் செய்தவர்கள் அவர்கள்தானே? அவர்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, அணி மட்டும் ஊரில் தங்கினால் எனக்கு அது பாதி வெற்றிதான்.

2026 சீசன் அங்கேதான் தொடங்கும் என்கிறாய். அக்டோபரில் ஒரு மேட்சுக்கு வருகிறேன். கூரை கிடையாது என்பதால் டிசம்பரில் கூப்பிடாதே. மேல் அடுக்கில் ஒரு டிக்கெட் போதும். மேட்ச் முடிந்ததும் விங்ஸ் சாப்பிடப் போகலாம், காரத்துக்கு நீ அழுவதைப் பார்த்து வெகுகாலமாயிற்று.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். பத்திரத்தைப் படித்ததும் எழுது.

உன்,
சேகர்