வாசலும் ஜன்னலும் இடம் மாறட்டும்

அன்புள்ள கணேசா,

வீட்டு வாசலை மாற்றுவது பற்றிய உன் கடிதமும் நீ வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்தது நிம்மதியாக இருக்கிறது. புதுப் படிக்கட்டை அவர்களை நினைத்துத்தான் கட்ட வேண்டும். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தெற்கு வாசலை மூடிவிட்டுத் தலைவாசலைக் கிழக்குக்குக் கொண்டுவருவது சரி. நீ குறித்திருக்கும் இடம்தான் எனக்குச் சம்மதமில்லை. கிழக்குச் சுவரில் இரண்டு ஜன்னலுக்கும் நடுவே இருப்பது 6 அடிச் சுவர். அதில் 4 அடி வெட்டினால் பக்கத்துக்கு ஒரு அடிச் சுவர்தான் மிஞ்சும். உன் வீட்டில் தூண் கிடையாது, மேலே பீமும் கிடையாது. 9 அங்குலச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. அந்த ஒரு அடித் துண்டின் மேல் ஒரு பக்கம் ஜன்னல் லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே குறுக்கே கிடந்து சுவரைத் தாங்கும் கட்டை, உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கம் புது லிண்டலும் வந்து உட்காரும். அவ்வளவு எடையை அது தாங்காது.

அதோடு இன்னொன்று. லிண்டலுக்கு மேலே, வாசலின் அகலத்தை அடியாகக் கொண்ட ஒரு முக்கோணச் சுவரின் எடைதான் அதன் மேல் இறங்கும், மிச்சம் இருபக்கமும் தானே ஒதுங்கிவிடும் என்பது பொதுக்கணக்கு. 4 அடி வாசலுக்கு அந்த முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ 3½ அடி. உன் வீட்டில் லிண்டலுக்கும் தளத்துக்கும் நடுவே 2½ அடிதான் இருக்கிறது. அதனால் தளத்தின் எடையும் புது லிண்டலில்தான் விழும்.

நான் சொல்வது இதுதான். வடபக்க ஜன்னல் இருக்கும் இடத்தையே வாசலாக்கு. கிழக்குச் சுவரின் வடபாதியில் இருப்பதால் உன் ஜோசியர் கேட்கும் உச்ச பாகமும், அதாவது வாஸ்துப்படி வாசலுக்கு நல்ல பகுதியும், கிடைத்துவிடும். ஜன்னலும் 4 அடி, உன் பழைய வாசலின் தேக்கு நிலையும் வெளி அளவில் 4 அடி. அப்படியானால் இரண்டையும் இடம் மாற்று: நிலை கிழக்கே போகட்டும், ஜன்னல் தெற்கே வரட்டும். கூடத்துக்குத் தென்காற்றும் நிற்காது. புது லிண்டலே வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் 4 அடிக்கு 3 அடிச் சுவரை எடுத்து, அதே அளவைப் பழைய வாசலின் அடியில் கட்டினால் போதும். 12 சதுர அடிக்கு 120 செங்கல் பிடிக்கும். இடித்ததில் பாதி உடையாமல் வரும் என்று வை, 60 புதுக் கல் போதும். கட்டுக்கும் பூச்சுக்கும் சேர்த்து ஒரு மூட்டை சிமெண்ட்.

முதலில் ஜன்னலுக்கு மேலே ஒரு ஜாண் அளவுக்குப் பூச்சைக் கொத்திப் பார். கான்கிரீட் லிண்டலா, செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திய சுண்ணாம்புக் கட்டா என்று தெரிய வேண்டும். கான்கிரீட் என்றால் இருபக்கமும் சுவர்மேல் 6 அங்குலமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டு என்றால் அதை நம்பாதே. அப்போது 4½ அங்குல அகலம், 6 அங்குல உயரம், 5½ அடி நீளத்தில் இரண்டு லிண்டல்களைத் தரையிலேயே வார்த்துக்கொள். ஒவ்வொன்றிலும் அடியில் 10 மி.மீ. கம்பி இரண்டு, மேலே 8 மி.மீ. இரண்டு, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். 9 அங்குல அகலத்தில் ஒரே துண்டாக வார்த்தால் 145 கிலோ வரும், தூக்கி வைக்க நாலு பேர் வேண்டும். பாதியாக வார்த்ததை இரண்டு பேர் தூக்கிவிடலாம். காயுமுன்பே மேல்பக்கத்தில் ‘மேல்’ என்று ஆணியால் கீறி வை. தலைகீழாக வைத்துவிட்டால் தடித்த கம்பி மேலே போய்விடும், அடியில் விரிசல் விழும். 10 நாளாவது தண்ணீர் விடு.

லிண்டலை வைக்கும்போது கூடத்துக்குள் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, 3 அடிக்கு ஒரு ஜாக்கி (இரும்பு முட்டுக்கால்) வைத்து, மேலும் கீழும் பலகை கொடுத்துத் தளத்துக்கு முட்டுக் கொடு. உள்பக்கப் பாதிச் சுவரை மட்டும் வெட்டி ஒரு லிண்டலை நுழை. அதன் தலைக்கும் பழைய கட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையை ஈரம் குறைவாகப் பிசைந்து, கட்டையால் இடித்து இறுக்கு. மூன்று நாள் கழித்து வெளிப்பாதி. கொத்தனார் கரண்டியால் முகத்தை மட்டும் பூசிவிட்டுப் போய்விடுவார், உள்ளே பொள்ளலாக, வெற்றிடமாக இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். வாசல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் பெரும்பாலும் இந்தப் பொள்ளலால்தான் வருகிறது.

ஜன்னலடிச் சுவரை பிரேக்கரால் உடைக்க விடாதே. அதிர்ச்சியில் பக்கச் சுவரின் பழைய சாந்து விட்டுக்கொள்ளும். இருபக்கமும் கோடு போட்டு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கட்டிங் மெஷினால் அறுத்துவிட்டு, மேலிருந்து வரி வரியாகக் கையால் எடுக்கட்டும்.

பழைய நிலையைக் கடப்பாரையால் நெம்பவே கூடாது. நிலையைப் பிடித்துக்கொள்ள பக்கத்துக்கு மூன்று இரும்புக் கிளாம்பு சுவருக்குள் போயிருக்கும். பூச்சைக் கொத்தி அவற்றைக் கண்டுபிடித்து அறுத்துவிட்டால் நிலை நோகாமல் வரும். வந்ததும் நிலையின் கால்களைக் கீழிருந்து ஒரு அடி உயரம்வரை திருப்புளியால் குத்திப் பார். மாவாக உள்ளே இறங்கினால் கரையான். அந்த அளவை மட்டும் வெட்டி ஆசாரி ஒட்டுக்கால் போட்டுவிடுவார். சுவரைத் தொடும் பக்கமெல்லாம் இரண்டு கை தார் பூசு. நிறுத்துமுன் நடுவில் ஒரு குறுக்குக்கட்டை அடித்துவிடு, இல்லாவிட்டால் பக்கத்தில் கலவை இறுக்கும்போது கால்கள் உள்ளே வளைந்து பிறகு கதவு பிடிக்கும். தூக்குக்குண்டு பார்த்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் பிசகலாம், அவ்வளவுதான். நிலை சுவரின் உள்முகத்தை ஒட்டி வரட்டும். கதவு முழுக்க மடங்கும், வெளியே மிஞ்சும் சுவர் விளிம்பு சாரலையும் கொஞ்சம் தடுக்கும்.

நிலைப்படியைத் தரைக்குள் புதைக்கச் சொல்வார்கள், கேட்காதே, ஈரம் ஏறும். ஒரு அங்குலமாவது தரைக்கு மேல் தெரிய வேண்டும். அம்மா தடுக்கிக்கொள்ளாமல் இருக்க உள்பக்கம் ஒரு சரிவுக் கட்டை வை.

பழைய வாசலில் சுவர் கட்டும்போது டைல்ஸ் மேலேயே கட்டிவிடப் போகிறார்கள், கூடவே நில். வாசற்கல்லை எடுத்து அடிக்கட்டுச் செங்கல் தெரிந்த பிறகுதான் முதல் வரி. பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி பல் போலப் பள்ளம் வெட்டி, புதுக் கல்லை அதில் கோத்துக் கட்ட வேண்டும். பூசுமுன் சேரும் கோட்டின் மேல், பக்கத்துக்கு 6 அங்குலம் வரும்படி கோழிவலை அடிக்கட்டும். வலை இல்லாவிட்டால் அந்தக் கோடு நேராக வெடிக்கும், எத்தனை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும்.

படிக்கட்டுக்கு வருகிறேன். வெளித் தரையிலிருந்து வீட்டுத் தரை 2 அடி உயரம் என்கிறாய். 6 அங்குலமாக நாலு ஏற்றம் வைப்பதைவிட ஐந்தாக்கு, ஒவ்வொன்றும் 5 அங்குலத்துக்குள் வரும். மிதி 12 அங்குலம். வாசல் முன்னே நிற்க 4 அடி மேடை, பக்கத்தில் 3 அடி உயரக் கைப்பிடி. படியைச் சுவரோடு கோக்காதே. புது மண் இறங்கும்போது சுவரையும் சேர்த்து இழுக்கும். மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, 4 அங்குல ஜல்லிக் கான்கிரீட் போட்டு அதன் மேல் தனியாகக் கட்டு.

கடைசியாக நாள். ஐப்பசி 11 வாஸ்து நாள்தான், ஆனால் அது வடகிழக்குப் பருவமழை நேரம். கிழக்குச் சுவரைத் திறந்து வைத்தால் சாரல் நேரே கூடத்துக்குள் அடிக்கும். ஆவணி 6-ஆம் தேதியும் வாஸ்து நாள்தான். லிண்டல் வேலை இல்லை என்றால் அதற்குள் நிலை நிறுத்திவிடலாம். முடியாவிட்டால் தை 12 வரை பொறு.

இந்த வாரமே ஜன்னலுக்கு மேலே பூச்சைக் கொத்திப் பார்த்து, தரையிலிருந்து லிண்டலின் அடிவரை எத்தனை அடி என்று மூன்று இடத்தில் அளந்து எழுது. நிலையின் வெளி உயரமும் வேண்டும். அதைப் பார்த்த பிறகு ஆசாரியிடம் பேசலாம்.

அன்புடன்,
ராமு