மாதவிடாயை நிறுத்தக் கேட்டு வரும் திருநம்பிகளுக்காக, மகளிர் நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றும் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டிலிருந்தும், கோயில் கொடைக்குக் காப்புக் கட்டிய வீட்டிலிருந்தும், ஹஜ்ஜுக்குப் புறப்படும் வீட்டிலிருந்தும் உங்களிடம் வருகிறவர்களுக்கு, மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் மாத்திரை எழுதித் தருகிறீர்கள். கர்ப்பம் உண்டா, கல்லீரல் கோளாறு உண்டா, ரத்தக்குழாயில் உறைவு ஏற்பட்டதுண்டா என்று கேட்டுவிட்டு, சீட்டை நீட்டிவிடுகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மாத்திரையைக் கேட்டு ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டுத் தன்னை ஆணாக உணரும் ஒருவர், உங்கள் எதிரில் உட்கார்ந்தால், முதலில் மனநல மருத்துவரிடம் சான்று வாங்கி வரச் சொல்கிறீர்கள். அல்லது பெற்றோரை அழைத்து வரச் சொல்கிறீர்கள், அவர் இருபத்தைந்து வயதைக் கடந்தவராக இருந்தாலும். அல்லது ஹார்மோன் ஊசி போடத் தொடங்கினால் தானே நின்றுவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். எல்லாரும் அப்படி இல்லை என்பதை அறிவேன். எனக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர் அப்படிப்பட்டவர் அல்லர். ஆனால் அவரைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் போகவேண்டியிருந்தது, எங்களில் பலருக்கு அதற்கான பணமும் இல்லை, விடுப்பும் கிடைப்பதில்லை.

மாதவிடாயை நிறுத்துவது உங்கள் துறையின் அன்றாட வேலைகளில் ஒன்று. அதை எங்களுக்கும் அன்றாட வேலையாகவே செய்து தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எல்லாத் திருநம்பிகளும் மாதவிடாயால் வதைபடுவதில்லை. அதைப் பொருட்படுத்தாதவர்கள் எங்களுள் உண்டு, அவர்கள்மீது சிகிச்சையைத் திணிக்க வேண்டியதில்லை. வதைபடுகிறவர்களின் நிலையை மட்டும் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவன் இருக்கிறான். அங்கே அவன் ஆணாக அறியப்பட்டவன். ஆண்கள் கழிப்பறையில் குப்பைக்கூடை கிடையாது, தாழ்ப்பாளும் சரியாக விழாது. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பாலித்தீன் பையைக் கட்டி, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து மாலைவரை காத்துக் கொண்டுபோய், பேருந்து நிலையத்துக்கு அப்பால் எங்கேயாவது போடுவான். உறை பிரிக்கும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான். மாதத்தில் அந்த நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்த்ததில் சிறுநீர்த் தொற்று வந்து படுத்ததும் உண்டு. மனத்துக்குள் நடப்பது இதைவிடப் பெரிது. அதை அவன் சொல்ல விரும்பியதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. வெளியே தெரிகிற இந்தப் பாதியே ஒரு மாத்திரைச் சீட்டுக்குப் போதுமான காரணம் அல்லவா?

உங்களுள் பலர் நம்பிக்கொண்டிருப்பதுபோல, மாதவிடாயை நிறுத்துவது ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனுக்கு அடுத்த படி அல்ல. டெஸ்டோஸ்டிரோன் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். குரல் உடைந்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ரத்தம் போவதை நிறுத்தலாம். திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுநெறிகள், டெஸ்டோஸ்டிரோனை விரும்பாத, விரும்பியும் இன்னும் தொடங்காத வளரிளம் பருவத்தினருக்கும், அதை எடுத்துக்கொண்டே இடையில் ரத்தக்கசிவுக்கு ஆளாகிறவர்களுக்கும் மாதவிடாயை அடக்கும் மருந்துகளைப் பரிசீலிக்கும்படி தெளிவாகச் சொல்கின்றன. அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி அதே ஆண்டில் மாதவிடாய் அடக்கம் பற்றித் தனியாகவே ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டும் அமைப்புகள்தாம் இவை.

நோரெதிஸ்டிரோனையே முதலில் எடுத்துக்கொள்வோம். விசேஷத்துக்குத் தள்ளிப்போட நீங்கள் ஒரு நாளைக்கு மூன்று வேளை எழுதும் அதே 5 மி.கி. மாத்திரையை, நாளுக்கு ஒன்று வீதம் இடைவிடாமல் தொடர்ந்து எடுத்தாலே பலருக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. நிற்காதவர்களுக்கு அளவைக் கூட்டலாம். விலை மலிவு, சின்ன ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். முதல் சில மாதங்களில் சொட்டுச்சொட்டாகக் கசிவு இருக்கலாம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாததால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனநிலை மாற்றம், தலைவலி, மார்பில் வலி வரக்கூடும். மார்பே ஒரு பாரமாக இருக்கிறவனுக்கு அந்த வலி எளிதல்ல, அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். இந்த மாத்திரை கருத்தடைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் எழுதித் தராவிட்டால் இந்த மாத்திரையை எங்கள் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கடைக்காரரிடம் தங்கை கல்யாணம் என்று பொய் சொல்லி வாங்கி, நாளுக்கு மூன்று வீதம் மாதக்கணக்கில், கால் வீங்கினால் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிக அளவில் எடுக்கும்போது இந்த மருந்தில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள், நீங்கள் அறிவீர்கள்.

அடுத்தது அந்தரா ஊசி. 2017 முதல் அரசு குடும்பநலத் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கப்பட்டுவரும், 150 மி.கி. மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அடங்கிய, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. தொடக்கத்தில் ஒழுங்கற்ற ரத்தக்கசிவு இருந்தாலும், ஓராண்டு முடியும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுவிடுகிறது. எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதாலும் எடை கூடலாம் என்பதாலும் எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் குடும்பத்தோடு வாழும் ஒருவனுக்கு, பீரோவிலோ புத்தகத்துக்கு நடுவிலோ ஒளித்துவைக்க மாத்திரை அட்டை எதுவும் இல்லாத சிகிச்சை இது என்பது சிறிய நன்மை அல்ல. கருத்தடையும் சேர்ந்தே கிடைக்கிறது. குறுக்கே நிற்பது மருந்தல்ல, பதிவேடு. கணவர் பெயர் என்ன, குழந்தைகள் எத்தனை என்று தொடங்கும் கேள்விகளைத் தாண்டி அந்த ஊசியை வாங்க எந்தத் திருநம்பிக்கும் துணிவு வருவதில்லை. ஊசிக்கு உரியவர் யார் என்பதை மருத்துவக் காரணம் தீர்மானிக்கட்டும் என்று உங்கள் செவிலியர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது முடிந்துவிடக்கூடிய காரியம்.

மாலா-என் போன்ற, ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரைகளில் 21 ஹார்மோன் மாத்திரைகள் முடிந்ததும், 7 இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் ரத்தப்போக்கு வராமல் தள்ளிப்போகும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரைக் கேட்டதுமே மறுப்பவர்கள் எங்களுள் மிகுதி. அந்த மறுப்பை மதியுங்கள், வற்புறுத்த வேண்டாம். கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கும் இது ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். கைத்தோலுக்கு அடியில் பொருத்தும் கருத்தடைக் குச்சியைப் பொறுத்தவரை, அதனால் வரும் கசிவு எப்போது வரும் என்று கணிக்க முடியாதது, ஆகவே நிறுத்துவதையே நோக்கமாகக் கொண்டவர்களுக்கு அது முதல் தேர்வாக இருக்க முடியாது. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் ஆணையையே நிறுத்தும் லியூப்ரோலைடு ஊசி நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை எங்களுக்கு எட்டாது. எலும்பைப் பற்றிய கவலையும் உண்டு.

ஹார்மோன் கருப்பை வளையத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 52 மி.கி. லெவோனார்ஜெஸ்ட்ரல் அடங்கிய அந்தச் சாதனம் ரத்தத்தில் மிகக் குறைந்த அளவு ஹார்மோனையே கலக்கிறது, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது, ரத்தப்போக்கைப் பெரிதும் குறைக்கிறது. முதலாண்டில் முற்றிலும் நிற்பது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் என்றாலும், பிற்பட்ட ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை கூடுகிறது. பொருத்தும் அந்தச் சில நிமிடங்கள்தாம் எங்களால் தாங்க முடியாதவை. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டிருக்கும், கருவி பட்டாலே எரியும். மயக்கம் கொடுத்துப் பொருத்த முடியும் என்ற வழி இருக்கிறது என்பதைக்கூட எங்களிடம் யாரும் சொல்வதில்லை. மார்பு அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் அதே நேரத்தில் இதையும் பொருத்திவிடலாமே. இரண்டு துறையினரும் ஒருமுறை கலந்து பேசினால் போதும்.

இனி டெஸ்டோஸ்டிரோன். தொடங்கிய ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்றுவிடும். நிற்காதபோதும், நின்றது திரும்ப வரும்போதும் உங்களிடம் வருகிறோம். 250 மி.கி. எண்ணெய் ஊசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்பவர்களுக்குக் கடைசி வாரத்தில் ரத்தத்தில் மருந்தளவு இறங்கிவிடுகிறது, அந்த இறக்கத்தில் கசிவு வருகிறது. சிறு அளவாகப் பிரித்து வாரம் ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ போடுவதும், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அன்டெகனோயேட் ஊசிக்கு மாறுவதும், மேலே சொன்ன நோரெதிஸ்டிரோனைச் சிறிது காலம் சேர்ப்பதும் வழிகள். டெஸ்டோஸ்டிரோன் அளவையும், ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று ஹீமட்டோகிரிட்டையும் முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி எழுதித் தாருங்கள். நீண்ட காலம் நின்றிருந்து திடீரென ரத்தம் போனால், ஹார்மோன் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிடாமல் காரணம் தேடுங்கள். அந்தக் காரணங்களுள் கர்ப்பமும் ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தல்ல. மாதவிடாய் நின்றிருந்தபோதே கருவுற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து கருவுக்குத் தீங்கானது. எனவே எங்கள் துணைவர் யார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல காரணத்துக்காகக் கேட்கப்படும் கேள்வி எங்களைப் புண்படுத்தாது.

கர்ப்பப்பையை அகற்றுவது நிரந்தரத் தீர்வு. அதை மனமார விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது மறுக்கப்படக் கூடாது. ஆனால் ரத்தப்போக்கை நிறுத்துவதற்கு அறுவை சிகிச்சையே விலை என்றாக்குவது அநீதி. சினைப்பைகளை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்; இரண்டையும் எடுத்துவிட்டு, பின்னர் டெஸ்டோஸ்டிரோன் வாங்கப் பணமில்லாமல் நிறுத்தியவருடைய எலும்புகளின் கதி என்ன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குழந்தை பற்றிய எண்ணம் உண்டா என்றும் கேட்க வேண்டும், இல்லை என்ற பதிலை ஏற்கவும் வேண்டும்.

நீங்கள் கேட்கும் மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக் கடிதம் அறுவை சிகிச்சைக்கு உரியது. ரத்தப்போக்கை நிறுத்தும் ஒரு மாத்திரைக்கு அது தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் அளித்த உத்தரவு, பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயலும் மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. மனநலப் பிரிவுக்கு எங்களை அனுப்புகிற உங்களுள் சிலர், அங்கே எங்களுக்கு என்ன சொல்லப்படும் என்று எதிர்பார்த்து அனுப்புகிறீர்கள் என்பதை இந்த உத்தரவோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டுகிறேன்.

உங்கள் புறநோயாளிப் பிரிவில் மாற்ற வேண்டியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. ஓ.பி. சீட்டில் உள்ள பழைய பெயரை வராந்தாவில் உரக்கக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள். மாத்திரையோ ஊசியோ தொடங்குவதற்கு உள்ளுறுப்புப் பரிசோதனை தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்த்து, மேலே சொன்ன சில கேள்விகளைக் கேட்டால் போதும். ஸ்கேன் தேவைப்பட்டால், வயிற்றின் மேலிருந்து எடுக்க முடிகிற இடத்தில் அப்படியே எடுங்கள். மருத்துவ மாணவர்களை அழைத்துச் சுற்றி நிறுத்துமுன் எங்களிடம் அனுமதி கேளுங்கள். எனக்கு ஒருமுறை, ஓர் ஊரில், அந்த அனுமதி கேட்கப்படவில்லை.

கடைசியாக ஒன்று. தன்னைத் திருநம்பி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியே இதுவரை எழுதினேன். அப்படிச் சொல்ல முடியாதவர்கள் அதைவிட அதிகம். தாயோடு வரும் பதினாறு வயதுப் பிள்ளை, ரத்தம் அதிகமாகப் போகிறது, வயிறு வலிக்கிறது, படிக்க முடியவில்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் அம்மாவின் முன்னால் சொல்லக் கிடைத்த காரணம் அதுதான். தாயைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேளுங்கள். அது எதுவும் சொல்லாமல் தரையைப் பார்த்தாலும், சொன்ன காரணத்தையே போதுமான காரணமாக ஏற்றுச் சிகிச்சையைத் தொடங்குங்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு மாதாமாதம் போனால்தான் உடம்புக்கு நல்லது என்ற அம்மாவின் அச்சத்தை, இந்த மருந்தால் நிற்கும் ரத்தம் உள்ளே தேங்குவதில்லை, கர்ப்பப்பையின் உட்சுவர் மெலிந்துவிடுவதால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை என்று விளக்கிப் போக்குங்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திருநம்பி,
கொங்கு மண்டலத்திலிருந்து