மே மாதச் சம்பளம் எங்களுக்குக் கிடையாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகள் திறந்ததை ஒட்டி நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவது பற்றி உங்களுக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. கோடை விடுமுறையைச் சம்பளத்தோடு கழித்துவிட்டு வந்திருக்கும் ஆசிரியர்கள் இனியாவது முழு மனதோடு பாடம் நடத்தட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012 மார்ச்சில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து இன்று, 2025 ஜூன் வரை, ஒரு மே மாதத்துக்கும் எனக்குச் சம்பளம் வந்ததில்லை. பள்ளி இல்லை, அதனால் சம்பளமும் இல்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு விதி.

இந்த மே மாதம் நான் பக்கத்து ஊரில் ஒரு புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன். நாள் கூலி 800 ரூபாய். இரண்டாம் நாள் மதியம் சாரத்தில் நின்று சன்ஷேடுக்கு அடியில் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மேஸ்திரிக்குச் சோறு கொண்டுவந்த பையன் அண்ணாந்து பார்த்தான். என் ஏழாம் வகுப்புப் பையன். கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, வகுப்பில் சொல்கிற அதே இழுவையோடு “குட் ஆஃப்டர்நூன் சார்” என்றான். மேஸ்திரிக்கு அதுவரை நான் யாரென்று தெரியாது. “வாப்பா, போப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுக்கும்போது “இந்தாங்க சார்” என்றார். அன்று முழுக்க வெயிலில் நின்றது வலிக்கவில்லை. அந்த “சார்”தான் வலித்தது.

பெயிண்ட் அடிப்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. என் அப்பா கடைகளுக்குப் போர்டு எழுதியவர். பிரஷ் பிடிக்கக் கற்றதே அவரிடம்தான். ஹையர் கிரேடு டிராயிங் பாஸ் செய்து, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்து, அரசுப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பகுதிநேரம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சீக்கிரமே நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2011-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்த பணியிடங்கள் 16,549. ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி, தோட்டக்கலை என்று பல பாடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதத்துக்கு 5,000 ரூபாய். 2014-ல் அது 7,000 ஆனது. 2017-ல் 7,700. 2021-ல் 10,000. கடைசியாக 2024 ஜனவரியிலிருந்து 12,500. வருஷத்துக்கு 11 மாதச் சம்பளம்தான் என்பதால், கூட்டிப் பார்த்தால் 1,37,500 ரூபாய். இதில் வீட்டு வாடகை, மகளின் காலேஜ் ஃபீஸ், அம்மாவின் மாத்திரை, தினமும் பள்ளிக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் அடங்க வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனேன். சம்பளச் சான்றிதழை வாங்கிப் பார்த்த அதிகாரி, “வருஷத்துக்கு ஒரு மாசம் வருமானமே இல்லையே சார்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

மூன்று அரை நாள் வேலைக்கு இந்தச் சம்பளம் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் குறைவு. ஹெச்.எம். மீட்டிங்குக்குப் போனால், ஒரு டீச்சர் லீவு போட்டால், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் எதையோ ஏற்றவேண்டும் என்று இன்னொருவர் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால், வகுப்பை யார் பார்ப்பது? “சார், ஏழாவதைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.” நானும் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது? அப்படித்தான் மூன்று அரை நாள் பல வாரங்களில் ஐந்து முழு நாள் ஆகிறது.

அப்புறம் கலைத் திருவிழா, அதாவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டிகள். 2022-ல் அதைத் தொடங்கியபோது மனதார மகிழ்ந்தவன் நான். பிள்ளைகள் வரைவதை அரசாங்கமே மேடை போட்டுப் பார்க்கிறதே என்று இருந்தது. களிமண் பொம்மைக்கு ஏரிக்கரையிலிருந்து சைக்கிளில் மண் கொண்டுவந்து, கல் பொறுக்கி, இரவு ஈரத்துணி போட்டு மூடி வைப்பேன். ஒரு வருஷம் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி, அப்பா அம்மா இரண்டு பேரும் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்கள், ஒரு பசுவும் கன்றும் செய்தாள். கன்று பால் குடிக்கும்போது பசு தலையைத் திருப்பி அதன் முதுகை நக்குமே, அந்தத் திருப்பம் அப்படியே வந்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை அது. அவளாகப் பார்த்து வைத்திருந்தது. மாவட்டம் வரைக்கும் போனாள். அவளைக் கூட்டிப்போன பஸ் செலவு என் கைக்காசு. போஸ்டர் கலர், பிரஷ், சார்ட் எல்லாமும் பெரும்பாலும் அப்படித்தான். வகுப்பில் முப்பத்தைந்து பேர், ஒரே ஒரு நல்ல ஆறாம் நம்பர் பிரஷ். ஒருவர் முடித்துக் கழுவிக் கொடுக்கும்வரை அடுத்தவர் காத்திருப்பார்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. அதாவது நாங்கள் யாரோ தயவு பண்ணி வைத்துக்கொண்ட ஆட்கள் இல்லை. சட்டம் கேட்டு வந்தவர்கள். அதைச் சொன்னால், இது சமக்ர சிக்ஷா என்ற கல்வித் திட்டத்தில் வரும் பணி, மத்திய அரசின் நிதி என்கிறார்கள். அந்த நிதி 2,152 கோடி ரூபாயைத் தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் டெல்லி நிறுத்தி வைத்திருப்பதும், நம் அரசு உச்ச நீதிமன்றம் போயிருப்பதும் தெரியும். இந்த விஷயத்தில் நம் அரசின் பக்கம்தான் நான். ஆனால் 2012-லிருந்து நிதி ஒழுங்காக வந்த வருஷங்களிலும் எங்களுக்கு மே மாதம் கிடையாதே?

2021 தேர்தலில் எங்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்பது தி.மு.க.வின் 181-வது வாக்குறுதி. இடைநிலை ஆசிரியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 311-வது. 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200 என்று ஒரே நாளில் விழுந்த கோடு அது. 2023 செப்டம்பர் கடைசியில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகமான டி.பி.ஐ. வளாகத்தில் அவர்களும் நாங்களும் போராட்டத்துக்குக் கூடியிருந்தோம். ஒரு டீச்சர் மரக்கிளையில் சேலையால் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தார். நான் இரண்டு நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். அக்டோபர் 5 அன்று போராடியவர்களைப் போலீஸார் அப்புறப்படுத்தியதை உங்கள் பேப்பரில்தான் படித்தேன். அன்று நீங்கள் நியாயமாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்த வரி இவ்வளவு சுட்டது.

சேரும்போது பதினாறாயிரம் பேருக்கு மேல் இருந்தோம். இப்போது சுமார் 12 ஆயிரம் பேர். வேறு வேலைக்குப் போனவர்கள் போக, வயதாகிப் போனவர்கள், செத்துப்போனவர்கள். எங்கள் ஒன்றியத்தில் ஒரு தையல் டீச்சர் இறந்தபோது, அரசிடமிருந்து குடும்பத்துக்கு எதுவும் வராது என்று தெரிந்து, நாங்கள்தான் ஆளுக்கு 500 ரூபாய் போட்டுக் கொடுத்தோம். அந்தம்மாவின் மகன் கவரை வாங்கிக்கொண்டு, “இது கவர்மென்ட் கொடுத்ததா சார்?” என்று கேட்டான்.

2026-ல் சட்டமன்றத் தேர்தல். அதற்குள் சட்டமன்றம் கூடும். நிரந்தரம், மற்ற அரசு ஆசிரியர்களைப் போன்ற காலமுறை ஊதியம் எல்லாம் எங்கள் கோரிக்கைதான், அதை விடவில்லை. ஆனால் மே மாதச் சம்பளத்துக்கு ஒரே ஓர் அரசாணை போதும். நம் மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களிடம், எந்தக் கட்சியானாலும் சரி, இதற்காக அவையில் எழுந்து பேசுவீர்களா என்று உங்கள் நிருபர் ஒருமுறை கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பெயரோடு போடுங்கள். பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் இல்லை என்று ஒரு வரி திருத்தமும் போட்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன். மேஸ்திரி வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.
ஜூன் 2025