பத்து வெள்ளிக்கும் ஒரு ரசீது

பட்டர்வொர்த்,
7 ஜூலை 2023

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தணிந்து, மாலை நடையைத் திரும்பத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றம் கலைந்து, வாக்களிப்பு ஆகஸ்டு 12 என்று அறிவிப்பும் வந்துவிட்டது. எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நிற்கத் துணிந்திருக்கும் இளைஞருக்காகப் பணம் திரட்டும் பொறுப்பை நாங்கள் சிலர் ஏற்றிருக்கிறோம். இதில் உங்கள் உதவி வேண்டியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்). பிரசாரப் பொருள்களை அகற்றுவதற்கான முன்பணம் 3,000 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். இவற்றுக்கு மேல் பதாகை, துண்டறிக்கை, ஒலிபெருக்கி, தேர்தல் நடவடிக்கை அறையின் வாடகை என்று செலவு நீள்கிறது. சட்டம் 100,000 வெள்ளி வரை செலவிட இடம் தருகிறது. எங்கள் திட்டம் அதில் பாதியைக்கூடத் தொடாது.

வைப்புத்தொகையைத் தாமே கட்டிவிடுவதாக, பொது வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகையாளர் முன்வந்தார். நெடுநேரம் பேசிய பின், நன்றி கூறி மறுத்துவிட்டோம். 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டுகிறதே தவிர, ஒருவர் எவ்வளவு நன்கொடை கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கும் அரசியல் நிதிச் சட்டம் நம் நாட்டில் இதுவரை இல்லை. ஆகவே அந்த வரம்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாளை ஒரு வடிகால் வேலை சரியில்லை என்று மக்கள் முறையிடும்போது, அதைச் செய்தவரின் பணத்தில் வென்ற உறுப்பினர் எப்படி வாய் திறப்பார்?

வீடு வீடாகச் சென்று கேட்பது மெதுவான வேலைதான். ஆனால் அதில் நான் கண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வந்த பெண் ஒருவர் பத்து வெள்ளி கொடுத்தார். தோட்டத்திலிருந்து வந்து அடுக்குமாடியில் குடியேறிய பாட்டி ஒருவர் ஐந்து வெள்ளியை நீட்டி, “ரசீதுல என் பேரச் சரியா எழுதுப்பா” என்றார். மறுவாரம் அவரே நடவடிக்கை அறைக்கு வந்து, மின்தூக்கி பழுதைப் பற்றி வேட்பாளர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டார். பதில் போதாது என்று தோன்றியதும், அண்டை வீட்டாரையும் அழைத்து வந்து மறுபடி கேட்டார். அவர் கொடுத்த ஐந்து வெள்ளி அந்த உரிமையைத் தந்திருந்தது. குத்தகையாளரின் காசோலையால் எங்களுக்கு இப்படி ஒரு மனிதர் கிடைத்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

2008-இல் செராமா எனப்படும் அரசியல் கூட்டங்களில் நன்கொடை வாளி சுற்றி வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தத் தேர்தலில்தான் 1974 முதல் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவை, மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் வென்றார். அதே ஜெயக்குமார் 2018-இல் வைப்புத்தொகையை இழந்தார். எளிய மக்களின் துணை வெற்றிக்கு உத்தரவாதம் ஆகாது என்பதைப் பணம் கேட்கும்போதே சொல்லிவிடுகிறோம். வாளியை மட்டும் வேண்டாம் என்று வைத்தோம். அதில் விழும் நோட்டுக்குப் பெயர் இல்லை. எத்தனை சிறிய தொகையானாலும் ரசீது உண்டு.

நிதி திரட்ட ஒரு வாழையிலை விருந்தும் ஏற்பாடாகிறது. வாக்காளருக்கு உணவளித்து ஆதரவு தேடுவது தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம் என்பதால், பணம் கொடுத்துச் சீட்டு வாங்காத எவருக்கும் இலை போடுவதில்லை. வேட்புமனு நாளான ஜூலை 29-க்கு முன்பே அதை முடித்துவிடுவோம்.

முடிவுகள் அரசிதழில் வெளியான 31 நாள்களுக்குள் தேர்தல் கணக்கை ஒப்படைக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கணக்காய்வு செய்த நீங்கள் இங்கு வந்து எங்கள் ஏடுகளைப் பார்த்துத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வாரந்தோறும் வரவு செலவை நடவடிக்கை அறையின் சுவரில் ஒட்டப் போகிறோம். அதில் ஒரு வெள்ளிகூடப் பிசகக் கூடாது. கோலாலம்பூர் செந்தூலில் உள்ள நம் பழைய நண்பர்களிடமும் சொல்லுங்கள். ஒருவரிடம் ஐம்பது வெள்ளிக்கு மேல் வாங்க வேண்டாம். இ.டி.எஸ். விரைவு இரயிலில் எந்த நாள் வருகிறீர்கள் என்று எழுதினால், நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்