வண்டியை உயர்த்துகிறவர்கள் பின் பிரேக் வால்வை மறந்துவிடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிக்கப் வண்டியை உயர்த்துவது இரண்டு விதமாக நடக்கிறது. வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி வண்டிக்கு லிஃப்ட் கிட் போட்டுப் பெரிய டயர் மாட்டுவது ஒன்று. ராயக்கோட்டை தக்காளியும் காவேரிப்பட்டணம் மாங்காயும் ஏற்றும் வண்டிக்குப் பின்னால் ஒன்றிரண்டு பட்டை (ஸ்பிரிங் தகடு) சேர்ப்பது இன்னொன்று. முன்னது ஷோக்குக்கு, பின்னது பிழைப்புக்கு. ஆனால் இரண்டு பேரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில். பின் பிரேக்குக்கு எண்ணெய் அனுப்பும் எல்.எஸ்.பி.வி., அதாவது பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வைத்தான் சொல்கிறோம்.

பல பிக்கப்களில் பின் ஆக்சிலின் கூடான ஹவுசிங்குக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டமான சேஸில் கைமுட்டி அளவுக்கு ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இறங்கி ஹவுசிங்கில் பூட்டியிருக்கும். பாரம் ஏற்றினால் சேஸ் இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில் சேஸ் உயர்ந்து நிற்கும். வால்வு அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். பாரம் எவ்வளவு என்பது வால்வுக்குத் தெரியாது. சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளி ஒன்றுதான் அதற்குக் கணக்கு.

இப்போது வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் என்ன ஆகும்? முழு பாரத்திலும் வால்வு அதைப் பாரம் குறைந்த வண்டி என்றே நினைக்கும். பின் பிரேக் குறைவாகத்தான் வேலை செய்யும், மீதிச் சுமை முன் பிரேக்கின் தலையில் விழும். சமவெளியில் இது தெரியாது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் தொடர்ந்து இறங்கும் இறக்கத்தில் முன் பிரேக் பேடு சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். 'திடீர்னு பிரேக் பிடிக்கல' என்று டிரைவர் சொல்வார். திடீரென்று வந்த கோளாறு இல்லை அது, பட்டறையில் கம்பியைச் சரிசெய்யாமல் அனுப்பிய அன்றே வந்தது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. உயர்த்துவதற்கு முன்பே, காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வால்வின் கை எந்தக் கோணத்தில் நிற்கிறது, கம்பி பூட்டிய இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எவ்வளவு உயர்த்துகிறோமோ அதே அளவுக்கு ஹவுசிங் பக்கத்துப் பிராக்கெட்டையும் உயர்த்தினால் பழைய அளவு திரும்ப வந்துவிடும். சிலர் இதற்குப் பதிலாக வால்வின் கையைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, வால்வை எப்போதும் திறந்தே வைத்துவிடுகிறார்கள். அந்த வண்டி மழையில் காலியாக வரும்போது பிரேக் மிதித்தால் பின்பக்கம் சுழன்று குறுக்கே நிற்கும்.

பட்டை சேர்த்த வண்டிக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பு ஒரு டன் ஏற்றினால் 80 மி.மீ. இறங்கிய வண்டி, பட்டை கூடியபின் 50 மி.மீ. தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி நிலையில் கம்பியைச் சரிசெய்திருந்தாலும், பாரத்தில் வால்வு குறைவாகவே திறக்கும். பிரேக் லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, காலியாகவும் பாரத்தோடும் அழுத்தம் பார்த்து, கம்பெனி மேனுவலோடு ஒப்பிட்டு வைப்பதுதான் இதற்கு வழி. ஏ.பி.எஸ்., இ.பி.டி. (முன், பின் பிரேக் அழுத்தத்தை மின்னணு முறையில் பிரிப்பது) உள்ள புது வண்டிகள் சிலவற்றில் இந்த வால்வே இருக்காது. கீழே படுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

இனி கிட் விஷயம். லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் அடி கல்லில் இடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். கிட் உயர்த்துவது சேஸையும் பாடியையும்தான். பின் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதிதான் கிடைக்கும். 245/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ., 265/75 ஆர் 16 டயருக்கு 804. வித்தியாசம் 55, ஹவுசிங் உயர்வது 27 மி.மீ. அந்த 27 மி.மீ.க்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 86-இல் ஓடும். சக்கரத்தில் இழுவை 7 சதவீதம் குறையும், அஞ்செட்டி மலைப்பாதையில் ஒரு கியர் கீழே வரவேண்டியிருக்கும். அதே பிரேக் முன்பைவிடப் பெரிய சக்கரத்தை நிறுத்தியாக வேண்டும்.

டயர் வாங்கும்போது தரையில் பதியும் முரட்டுப் பட்டனை மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து இருக்கும் லோடு இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. அகலமாகப் பளபளவென்று இருக்கும் கார் ரக டயரை லோடு வண்டிக்கு மாட்டினால் பக்கச்சுவர் சூடேறி, வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் வெடிக்கலாம்.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின்) தலையில் வைக்கும் ஸ்பேசர் என்ற இடைத்தட்டு 25 மி.மீ. என்றாலே சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. உயரும். ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் நடுவாட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் வரும் பெருக்கம் இது. தெரியாமல் 50 மி.மீ. ஸ்பேசரே வைத்தால் மேல்கையின் (அப்பர் ஆர்மின்) முனையிலுள்ள பால் ஜாயிண்ட் அதன் எல்லையில் போய் இடிக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சி.வி. ஜாயிண்ட் கோணம் மிஞ்சி, அதை மூடிய ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் கொட்டும். 50 மி.மீ. உயர்வைத் தாண்டினால் அப்பர் ஆர்மையும் மாற்றியாக வேண்டும். அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்பது) மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது, கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) கேஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) பார்க்க வேண்டும்.

பின்னால் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே பிளாக் என்ற கட்டை வைத்தால் இரும்பில் ஒரே துண்டாக இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதும், முன் ஆக்சிலில் பிளாக் வைப்பதும் கூடவே கூடாது. பிரேக் மிதிக்கும்போது ஆக்சில் முறுக்கும், பிளாக் பிதுங்கி வெளியே வரும். பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக மாட்டுபவர்களுக்கு ஒன்று: ஷாக்கிள் 50 மி.மீ. கூடினால் வண்டி 25 தான் உயரும். பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒருமுறை முறுக்கிய போல்ட் இழுபட்டிருக்கும், இரண்டாம் முறை பிடிப்பு நிற்காது. நான்கு நட்டையும் குறுக்கு மாறாகக் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரென்ச்சில் முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை திரும்ப முறுக்க வேண்டும். தவறினால் பட்டை நகர்ந்து, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறும், ஹவுசிங் ஒரு பக்கம் பின்வாங்கும், வண்டி நண்டு மாதிரி ஓடும். பட்டை முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதீர்கள். தரையில் நின்றபின் முறுக்கினால்தான் ரப்பர் கிழியாது.

சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றும் தளர்வாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும், ஹெட்லைட்டைக் கீழே இறக்கி வைப்பதும் பத்து நிமிட வேலை. ஸ்டெப்னி பழைய இடத்தில் நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் நுழையாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த மாற்றத்தைத்தான். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்பது தனிக் கணக்கு. பட்டை சேர்த்ததால் ஆர்.சி. புத்தகத்தில் எடை கூடிவிடாது.

போக்குவரத்துத் துறைக்கு இரண்டு வேண்டுகோள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வரும் பிக்கப்களில் பட்டை எண்ணிக்கையோடு எல்.எஸ்.பி.வி. கம்பியையும் ஆய்வாளர் குனிந்து பார்க்க வேண்டும். கட்டுக்கம்பி கட்டியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். என்ன மாட்டினார்கள், எத்தனை மி.மீ. உயர்த்தினார்கள் என்பதைப் பட்டறைகள் பில்லில் எழுதிக் கொடுக்கும்படி செய்ய வேண்டும். இப்போது தரும் பில்லில் 'லேபர்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டைப் பட்டறைத் தொழிலாளர்கள்,
காவேரிப்பட்டணம்.